பன்னிரண்டும் பச்சை

ஜூன் 11, புதன்

நானும் மனைவியும் நாக்பூரில் மகள் வீட்டிலிருந்து வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை. தெய்வாத்தாள் வைத்த காப்பி ஆறிவிட்டது. இதை எழுதி முடிக்காமல் காப்பி இறங்காது.

என் செடிகளைத் திருடியிருக்கிறார்கள்.

மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன், மார்ச் 4ஆம் தேதி, வெள்ளை ஓரப் பெப்பரோமியாவிலிருந்து பன்னிரண்டு இலைகள் எடுத்தேன். காம்பை அரை அங்குலம் விட்டு வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஒரு மணி நேரம் வைத்திருந்து, தென்னைநார்த் தூளில் என் கையால் நட்டேன். பதினாறு வருஷத்தில் அந்தத் தாய்ச்செடியின் மேல் கத்தி வைத்தது அதுதான் முதல் முறை. ஒவ்வொரு இலையும் நடுவில் பச்சை, ஓரத்தில் பாலாடை நிறம்.

இன்று பார்க்கிறேன். பன்னிரண்டு கன்றுகள் நிற்கின்றன. பன்னிரண்டும் பச்சை. நூலளவு வெள்ளைகூட இல்லை. நான் நட்ட பழைய இலைகளையும் காணவில்லை.

பக்கத்துத் தட்டில் தர்பூசணித் தோல் மாதிரி கோடு போட்ட வகையையும் இலையில்தான் நட்டிருந்தேன். அது கோட்டோடு வந்திருக்கிறது. சுருக்க இலை வகை சுருக்கத்தோடு வந்திருக்கிறது. ஆக, இலை எப்படியோ கன்று அப்படி. ஒன்று மட்டும் எப்படி மாறும்? மாற்றினால்தான் மாறும்.

வீட்டுச் சாவி ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. கீழ்த்தளத்துச் சென்னியப்பனிடம்.


ஜூன் 12, வியாழன்

வடவள்ளியில் இந்த அடுக்ககத்துக்கு நாங்கள் குடிவந்து இருபது வருஷம். பதினாறு வீடுகள். யார் வெளியூர் போனாலும் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, அப்படி ஆகிவிட்டது. அவன் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஆணி சாவி. பாலை எடுத்து வைப்பான், குழாய் ஒழுகினால் அடைப்பான்.

காலையில் போனேன்.

"வாப்பா வா! வந்ததும் வராததுமா மூஞ்சி ஏன் இஞ்சி தின்னாப்பல இருக்குது?"

"வெள்ளை ஓரச் செடியெல்லாம் எங்கே?"

"மேலதான இருக்குது. வாரத்துக்கொருக்கா விரலை உட்டுப் பாத்து, மண்ணு காஞ்சிருந்தா அரை டம்ளர். நீ சொன்ன கணக்குதான். ஒண்ணுகூட அழுகலை, பாத்தியல்லோ?"

"எல்லாம் பச்சையாக இருக்கிறதே."

"அதுதான் எனக்கும் புரியலை. மொளைச்ச அன்னைக்கே பச்சைதான். வளர வளர வெள்ளை வரும்னு இருந்துட்டேன்."

"பழைய இலை?"

"வாடிச் சருகாயிருச்சு. கிள்ளிப் போட்டுட்டேன்."

கிள்ளிப் போட்டானாம். முப்பத்தொரு வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்தவன் நான். ஜப்தி செய்தவன், கடைகளைப் பூட்டிச் சீல் வைத்தவன். அத்தாட்சி காணாமல் போனது என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்!

வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் சிரித்தான். பிறகு நான் விளையாடவில்லை என்று தெரிந்து சிரிப்பு நின்றது. பால்கனி, சமையலறை, பின்கட்டு எல்லாம் பார்த்தேன். அவனாகவே பீரோவைத் திறந்துவிட்டான். "இதையும் பாத்துக்கோ. சேலைக்கு நடுவுல செடி வெச்சிருப்பேன்" என்றான். செத்துப்போன அவன் மனைவியின் சேலைகள் இருந்தன. செடி இல்லை.

இல்லையென்றால் வெளியே போயிருக்கிறது. நாலு வருஷமாக அந்தச் செடியில் ஒரு கன்று கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். நான் கொடுக்கவில்லை. வேறு என்ன காரணம் வேண்டும்?


ஜூன் 15, ஞாயிறு

குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். தண்ணீர் லாரி, லிஃப்ட் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் நான் எழுந்தேன். நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். சாவியை நம்பிக் கொடுத்த வீட்டில் பொருள் மாற்றப்பட்டிருக்கிறது என்றேன். பெயரையும் சொன்னேன். பெயர் சொல்லாமல் பேசுவது கோழைத்தனம்.

செயலாளர் பிரபாவதி, "சார், ஒரு செடிக்கா?" என்றாள்.

"இன்று செடி" என்றேன்.

சென்னியப்பன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றமில்லாதவன் கத்தமாட்டானா?

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழம்பில் உப்பில்லை. மறதியாக இருக்கலாம்.


ஜூன் 17, செவ்வாய்

கத்தினால் நிரூபணம் ஆகாது. நிரூபிக்கிறேன்.

பழைய மீன் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். தென்னைநார்த் தூளும், பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிக்கல்லும் பாதிக்குப் பாதி. பிழிந்தால் ஒரு சொட்டு விழுகிற ஈரம், அதற்கு மேல் கூடாது; பெப்பரோமியா பட்டினி தாங்கும், குளிப்பாட்டினால் செத்துவிடும். தாய்ச்செடியிலிருந்து ஏழு இலைகள் எடுத்து நட்டேன். மேலே கண்ணாடி மூடி. உள்ளே இருக்கும் ஈரமே திரும்பத் திரும்பச் சுற்றிவரும். மூன்று மாதம் திறக்க வேண்டியதில்லை.

நாலு பக்கமும் காகிதப் பட்டை ஒட்டி அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். பிரபாவதியும் வாட்ச்மேன் குருசாமியும் பட்டையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"தொட்டியை ஜெயில்ல போட்டுட்டீங்களாட்டருக்குது" என்றான் குருசாமி.

செப்டம்பர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திறப்பேன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். வெள்ளை ஓரத்தோடு ஏழு கன்றும் வெளியே வரட்டும். அப்போது பார்க்கலாம் யார் செருப்பைத் தேடுகிறார்கள் என்று.


ஜூன் 23, திங்கள்

இரண்டாம் மாடிக்காரர்கள் சென்னியப்பனிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். நான் வாங்கச் சொல்லவில்லை.

தர்பூசணி வகையில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் தடவினேன்.


ஜூன் 27, வெள்ளி

இன்னும் மூன்று சாவி போய்விட்டது.


ஜூலை 2, புதன்

பெர்லைட் தீர்ந்ததால் மருதமலை சாலையில் ஒரு நர்சரிக்குப் போனேன். ஸ்டெல்லா என்றொரு பெண் நடத்துகிறாள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

"ஐயா, தர்பூசணி வகைக்கு இலையே போதுமுங்க. வெள்ளை ஓரம் அப்படியில்லீங்க. இலையை மட்டும் நட்டீங்கன்னா வெறும் பச்சைதான் வரும். அந்த வெள்ளை வேணும்னா கணுவோட தண்டு வெட்டி வெக்கோணும்."

"எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?"

"புத்தகம் யாருங்க பாத்தா? வருஷத்துக்கு ஐந்நூறு கன்னு போடறனுங்களே."

கன்று விற்பவள். வீட்டில் இலை நட்டு எல்லாரும் வெள்ளை ஓரம் எடுத்துவிட்டால் அவளிடம் யார் வாங்குவார்கள்? நான் யாரிடமும் கற்றுக்கொண்டவன் இல்லை. பத்தாவதோடு பள்ளியை விட்டவன், சிவில் நடைமுறைச் சட்டத்தை நானே படித்து வக்கீல்களைத் திருத்தியிருக்கிறேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை.


ஜூலை 19, சனி

தொட்டியின் கண்ணாடியோரம் வெள்ளை வேர் தெரிகிறது. ஒரு இலை அழுகிவிட்டது. ஆறு நன்றாக இருக்கிறது.

அந்தத் தாய்ச்செடி வந்த கதையை எழுதி வைக்க வேண்டும். ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தைக் கடனுக்காகப் பூட்டிச் சீல் வைத்தேன். எழுபது நாள் கழித்து ஏலத்துக்குத் திறந்தபோது உள்ளே பல்லிகூட உயிரோடு இல்லை. மேசை மேல் இந்தச் செடி மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், இலை சற்றுச் சுருங்கி, நிமிர்ந்து நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. யார் தயவும் இல்லாமல் நிற்கிற செடி. ஜப்திப் பட்டியலில் இல்லாத பொருள், ஏலத்துக்கு வராது. எடுத்து வந்தேன். சட்டப்படி தவறில்லை. அதற்குப் பிறகு பெப்பரோமியா தவிர வேறெதுவும் நான் வளர்த்ததில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வருஷாவருஷம் சென்னியப்பன் மேலே வந்து எங்களோடு சாப்பிடுவான். இந்த வருஷம் தெய்வாத்தாள் கலந்த சாதத்தைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கீழே எடுத்துப் போனாள். என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வந்து சொன்னாள்:

"பலகையில ஒரு சாவிகூட இல்லீங்க. வெறும் ஆணியாத் தொங்குது. அவரு அதைத் தொடச்சிட்டிருக்கறாரு."

"ஆணி எப்படித் தொங்கும்?" என்றேன்.

"நல்லாப் பேசுங்" என்றாள்.


ஆகஸ்ட் 20, புதன்

நாலு இலையின் அடியில் முளை. மிளகளவு. இந்த அளவில் நிறம் தெரியாது.


ஆகஸ்ட் 28, வியாழன்

நிறம் இன்னும் தெரியாது. கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. என் கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

லிஃப்டில் சென்னியப்பன். கையில் மருந்துப் பை. அவனாக, "எந்த மாடிக்குங்க?" என்றான். இருபது வருஷமாக என்னை 'வாப்பா போப்பா' என்றவன். நான் மூன்றாம் மாடி என்பது அவனுக்குத் தெரியாதா?


செப்டம்பர் 4, வியாழன்

பச்சை.

ஆறிலும் கன்று. ஆறும் பச்சை. பக்கத்திலேயே நான் நட்ட பழைய இலை வெள்ளை ஓரத்தோடு வாடாமல் நிற்கிறது. அதன் காலடியிலிருந்து கிளம்பும் கன்றில் வெள்ளை இல்லை.

பூதக்கண்ணாடி வைத்து நாலு முத்திரையும் பார்த்தேன். அரக்கில் கீறல் இல்லை. பட்டை கிழியவில்லை. கையெழுத்து கையெழுத்தாக இருக்கிறது. மறுபடியும் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடாமல் மறுபடியும்.

மின்கட்டணம் கட்டக் கடைசி நாள் நாளை.


செப்டம்பர் 5, வெள்ளி

தெய்வாத்தாள் தொட்டியைப் பார்த்துவிட்டாள். துணி போட்டு மூடியிருந்தேன், விலக்கியிருக்கிறாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்?"

"கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. வெள்ளை வரலாம்."

"வருமுங்களா?"

துணியை இழுத்து மறுபடி மூடினேன்.

"சூடான பிளேடுல அரக்கு முத்திரையை ஒடையாம எடுக்கத் தெரிஞ்ச ஆளாச்சே நீங்க. எடுத்துட்டு, கன்னையெல்லாம் புடுங்கிப் போட்டு, ஆறும் அழுகிப்போச்சுன்னு சொல்லிருங்க. ஆருக்குத் தெரியும்?"

சோதிக்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா தெரியவில்லை. என்னை யார் என்று நினைத்தாய் என்று கத்தினேன். இந்த வீட்டில் பொய்யான அத்தாட்சிக்கு இடமில்லை என்றேன். அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"பூட்டுன ஊட்டுல இருந்து செடியை எடுத்துட்டு வந்தது சென்னியப்பண்ணனுங்களா, நீங்களா?"

"அது பட்டியலில் இல்லாத பொருள்!"

"பட்டியல் எழுதுனது ஆருங்க?"


செப்டம்பர் 6, சனி

மேசை ஒன்று. நாற்காலி நான்கு. மின்விசிறி இரண்டு. இரும்பு பீரோ ஒன்று. சுவர்க் கடிகாரம் ஒன்று. பதினாறு வருஷம் கழித்தும் அந்தப் பட்டியல் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

செடியை எழுத மறந்துவிட்டேன்.

மேலே உள்ள வரி தவறு. மறக்கவில்லை. பூட்டுகிற அன்றே கண்ணில் பட்டது. அந்த அலுவலகத்தின் முதலாளி, "அமீனா சார், அதை மட்டும் எடுத்துக்கிறேனுங்க, என் சம்சாரம் வெச்சது" என்று கேட்டான். உள்ளே இருக்கும் எதையும் தொடக்கூடாது என்றேன். அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பட்டியலை முடித்தேன்.

போதும். இதற்கு மேல் எழுதமாட்டேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

மூடியைத் திறக்கவில்லை. பிளேடைத் தொடவில்லை. இதை யாரும் பெருமையாக நினைக்க வேண்டாம்.


செப்டம்பர் 14, ஞாயிறு

தொட்டியை நானே கீழே தூக்கிப் போனேன். குருசாமி உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றேன். கூட்டத்தில் இருபது பேருக்கு மேல். சாதாரணமாக எட்டுப் பேர் வந்தால் பெரிது. வேடிக்கை என்றால் வருவார்கள். சென்னியப்பனை வரச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முகம் வற்றியிருந்தது.

சாட்சிகள் முத்திரையைச் சரிபார்த்தார்கள். உடைத்தேன். மூடியை எடுத்ததும் மண்வாசனை வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்:

"இன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குச் சாட்சிகள் முன்னிலையில் திறக்கப்பட்டது. நடப்பட்ட இலைகள் ஏழு. அழுகியது ஒன்று. கன்று வந்தவை ஆறு. ஆறும் பச்சை. முத்திரையில் சேதமில்லை. வெள்ளை ஓரப் பெப்பரோமியாவின் இலையை மட்டும் நட்டால் பச்சைக் கன்றுதான் வரும். கணுவோடு தண்டை நட வேண்டும். இது எனக்குத் தெரியாது. ஜூலை 2ஆம் தேதி எனக்குச் சொல்லப்பட்டது, நான் ஏற்கவில்லை. ஆகவே ஜூன் 15ஆம் தேதி இதே இடத்தில் சென்னியப்பன் மீது நான் சொன்னது பொய்."

யாரோ சிரித்தார்கள். பிரபாவதி, "சார், ஒரு 'சாரி' சொல்லிட்டா முடிஞ்சிருமே" என்றாள். கோபம் தலைக்கேறியது. மூன்று மாதத்தை ஒரு வார்த்தையில் முடிக்கப் பார்க்கிறாள். லிஃப்டில் ஒருவன் காலை மிதித்துவிட்டால் சொல்கிற வார்த்தை அது. நான் சொல்லவில்லை.

சென்னியப்பன் எழுந்து முன்னால் வந்தான்.

"நானும் கையெழுத்துப் போடோணுமுங்களா?"

"சாட்சியாக வேண்டுமானால் போடலாம்."

போட்டான். பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். டீக்கு நிற்கவில்லை.


செப்டம்பர் 18, வியாழன்

நாலு நாளாக வீடு வீடாகப் போகிறேன். சம்மன் கொடுக்கப் போனவனைக்கூட ஜனங்கள் உட்காரச் சொல்வார்கள். இவர்கள் கதவைப் பாதி திறந்துகொண்டு பேசுகிறார்கள்.

"சாவியைப் பழையபடி சென்னியப்பனிடம் கொடுங்கள். நான் சொன்னது பொய் என்று சொல்லியாகிவிட்டது."

முதல் மாடியில் நம்பர் அழுத்துகிற பூட்டு மாட்டிவிட்டார்களாம். இன்னொரு வீட்டில், "அவர் திருடலைன்னு தெரியுமுங்க. ஆனா ஒருக்கா மனசுல பூந்துருச்சுல்ல" என்றார்கள். அவர்கள் மனதில் புகுத்தியது யார் என்று கேட்க வாயெடுத்தேன். பதில் அவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. வந்துவிட்டேன்.

ஆறு வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சாவியோடு சேர்த்து ஏழு. முட்டி வீங்கியிருக்கிறது.


செப்டம்பர் 21, ஞாயிறு

ஏழு சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதிச் சீட்டுக் கட்டியிருந்தேன்.

கதவைத் திறந்தான். உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். சாவிகளை மேசை மேல் வைத்தேன். அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போயிரு நாச்சிமுத்து."

மூன்று மாதம் கழித்து என் பெயரைச் சொல்கிறான்.

"ஊர் முன்னால் படித்தேன். கேட்டாய் அல்லவா? எழுத்தில் இருக்கிறது. உன் கையெழுத்தும் இருக்கிறது."

"கேட்டேன். நல்லாத்தான் படிச்சே. அதுல கொறை சொல்லலை."

"பிறகு என்ன? எடுத்து மாட்டு."

"போன வாரம் குருசாமி ஊருக்குப் போனப்ப மோட்டார் ரூம் சாவியக் குடுத்துட்டுப் போனான். அவனுக்கென்ன, பழக்கம். தண்ணி உடப் போனேன். சாவியப் பூட்டுல வெச்சதும் கை நடுங்குது. திரும்பிப் பாக்கறேன், ஆராச்சும் பாக்கறாங்களான்னு. வெறும் மோட்டாரு. அதைத் தூக்கிட்டா போகப் போறேன்? ஆனாலும் திரும்பிப் பாக்கறேன்."

"அது போகப் போகச் சரியாகிவிடும்."

"ஆவலாம். நாப்பது வருஷம் கைத்தொழிலால சோறு தின்னவன் நானு. எங்கையி நடுங்குனதே இல்லை. இதை நீ படிச்சுச் சரி பண்ண முடியாது. உம்பேர்ல எனக்குக் கோவமில்லை, சாவி மட்டும் வேண்டாம்."

கோபமில்லை என்றான். இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் சத்தம் போட்டேன். வறட்டுப் பிடிவாதம் என்றேன். ஆறு வீட்டில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், என் முட்டியைப் பார் என்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தான்.

வரும்போது பலகையைப் பார்த்தேன். ஆணிகளைப் பிடுங்கிவிட்டான். பதினாறு துளை. துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருக்கிறான். ஃபிட்டர் வேலை, மேடுபள்ளமில்லாமல் இருந்தது.


செப்டம்பர் 22, திங்கள்

ஆறு சாவியையும் ஆறு வீட்டிலும் திருப்பிக் கொடுத்தேன். தெய்வாத்தாள் நான் கொடுக்கிறேன் என்றாள், விடவில்லை.

முதல் வீட்டில், "ஏனுங்க சார், அவரு வாங்கலீங்களா?" என்று கேட்டார்கள்.

"வாங்கவில்லை."

"ஏனுங்க?"

"என்னால்" என்றேன்.

அடுத்த நாலு வீட்டிலும் கேட்டார்கள், அதையே சொன்னேன். கடைசி வீடு மூன்றாம் மாடியின் மறுகோடி. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போனாள். கதவைக் கையால் பிடித்து நிறுத்தி, கேட்காவிட்டாலும் சொன்னேன்.